ஒத்துக்கொண்டது யார்?

எங்கள் லேபில் மிஸ் இருக்கும்போது இன்னொருத்தருக்காக டீ சொல்லிவிட முடியாது. டீக்கடைக்காரர் கெட்டிலோடு வந்து, "எக்ஸ்ரே சாருக்கு இன்னா?" என்று பொதுவாகக் கேட்பார். எக்ஸ்ரே சார் குடிப்பது சர்க்கரை போடாத டீ. வருஷக்கணக்காக அதுதான். லேபைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியும். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மிஸ் எழுந்துவிடுவார். "இருங்க, கேட்டுட்டு வர்றேன்." எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது அணையும்வரை அங்கேயே நிற்பார். டீக்கடைக்காரர் என்னை முறைப்பார், என்னவோ மிஸ்ஸை நான்தான் பெற்று வளர்த்த மாதிரி.

திண்டிவனத்தில், ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் இருந்தது ரத்தம், எக்ஸ்ரே இரண்டும் பார்க்கிற அந்தப் பரிசோதனை நிலையம். நான் கவுன்டர் பொறுப்பு. பில் போடுவது, ரிப்போர்ட் கொடுப்பது, வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் வேலை. மிஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வீடு விழுப்புரம், தினமும் பஸ்ஸில் வந்து போவார். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் என்று ஒன்று புதிதாக முளைத்தபோது அதில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தவராம். அங்கே படித்த பெண்கள் சிலர் எங்கள் லேபில் இருந்தார்கள். அவர்கள் மிஸ் என்று கூப்பிட்டு, டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மிஸ் ஆகிவிட்டார். வயதில் மூத்தவனான நானும் மிஸ் என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும்.

ஒரு இடத்தில் உட்காரமாட்டார். நாற்காலி நுனியில் இருந்தபடி கீபோர்டைத் தட்டுவார், பாதியில் எழுந்து சர்வர் ரூம் கதவை இழுத்துப் பார்ப்பார், திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி எழுவார். கைப்பையில் எப்போதும் வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம் இருக்கும். தோலை உரித்து அதே பொட்டலத்தில் போட்டு, பருப்பு எது தோல் எது என்று தேடித் தேடித் தின்பார். பக்கத்தில் இருக்கிற நமக்கும் காலை ஆட்டத் தோன்றிவிடும். அவர் லீவு போட்ட நாட்களில்தான் நான் நிம்மதியாகப் பேப்பர் படித்திருக்கிறேன்.

ஒருமுறை விழுப்புரம் கிளைக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டை வைத்துவிட்டு, "யாரும் ஏற மாட்டாங்கல்ல? இங்கியே வெச்சுக்கறேம்மா" என்றார். வேறு எவளாக இருந்தாலும், 'சரி' என்று தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். மிஸ் சொன்னார், "எனக்கு ஒண்ணும் இல்லங்கம்மா. ஆனா ஏறப்போறவங்களுக்காக நான் எப்படிச் சொல்றது?" அந்த அம்மா விக்கிரவாண்டி வரைக்கும் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். மிஸ்ஸோடு சேர்த்து எனக்கும் விழுந்தது.

தனக்கு வரும் கஷ்டத்துக்கெல்லாம் தலையாட்டுவார், சம்பளம் தள்ளிப்போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாலும் சரி. அடுத்தவர் சார்பில் தலையாட்டச் சொன்னால் மட்டும் கழுத்து நின்றுவிடும். இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தத் திங்கட்கிழமை மெயில் வந்து மாட்டியது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, பதினான்கு வாக்கில் நாங்கள் ரிப்போர்ட்டை இன்டர்நெட்டில் கொடுக்க ஆரம்பித்திருந்தோம். பில்லில் ஒரு எண் இருக்கும். எங்கள் வெப்சைட்டில் அதைப் போட்டால் ரிப்போர்ட் வந்துவிடும். மயிலத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம், எனக்குக் கவுன்டரில் பாதிக் கூட்டம் மிச்சம். சென்னையில் ஒரு கம்பெனி அதைச் செய்து கொடுத்திருந்தது. அதில் ஒரு ஓட்டை. ரிப்போர்ட் திறந்திருக்கும்போது மேலே முகவரியின் கடைசியில் அந்த பில் எண் தெரியும். அதில் ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினால் அடுத்த ஆளின் ரிப்போர்ட் திறந்துகொள்ளும். நீ யார் என்று கேட்காது.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எங்களோடு சேரும்போது போட்ட நிபந்தனைப்படி, ஒரு சோதனை மென்பொருள் வாராவாரம் எங்கள் வெப்சைட்டைத் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று திங்கட்கிழமை காலை மிஸ்ஸுக்கு மெயில் அனுப்பும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எதிரே அதன் நிலை என்னவென்று நாம் குறிக்கவேண்டும். திறந்திருக்கிறது என்று போடலாம், சரிசெய்தாயிற்று என்று போடலாம், பொய் எச்சரிக்கை என்று தள்ளலாம். கடைசியாக இன்னொன்றும் இருந்தது: ஆபத்து ஒத்துக்கொள்ளப்பட்டது. அதைப் போட்டுவிட்டால் அந்த எச்சரிக்கை அப்புறம் தொந்தரவு செய்யாது.

மிஸ் சென்னைக்குப் போன் போடுவார். சரிசெய்துவிட்டோம் மேடம் என்பார்கள். இவரே இலக்கத்தை மாற்றித் தட்டிப் பார்ப்பார், திறக்காது. 'சரிசெய்தாயிற்று' என்று குறிப்பார். சில வாரம் அமைதி. பிறகு ஒரு திங்கட்கிழமை அதே ஓட்டை, அதே இடத்தில்.

"க்ளோஸ் பண்ணியாச்சே மேடம்" என்பான் சென்னைப் பையன், மூக்கடைத்த குரலில்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

"அது பழைய அப்டேட் மேடம். இது வேற. புதுசா ஒரு கம்ப்ளைன்ட்டா போட்டுடுங்க, பார்க்கறோம்."

"புதுசுன்னு எப்படிப் போடறது? இது திரும்பி வந்தது. திரும்பி வந்ததுன்னுதான் போடுவேன்."

புதிது என்று போட்டால் ஓட்டைக்கு வயது ஒரு நாள். திரும்பி வந்தது என்று போட்டால் முதலில் வந்த நாளிலிருந்து கணக்கு ஏறும். பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் மாத முடிவில் பார்ப்பது அந்த வயதைத்தான். லேபை நடத்துகிற டாக்டருக்குத் தலைவலியே அதனால்தான். நான் ஒருநாள் கிண்டலாகச் சொன்னேன், "மிஸ், நீங்க சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் போற மாதிரி இருக்குது. வாராவாரம் அதே பாவம்." மிஸ் கத்தோலிக்கர், கோயிலைத் தொட்டுப் பேசினால் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "அங்கியாவது என் பாவத்த நான் சொல்றேன் அண்ணே. இங்க யாரோ செஞ்சதுக்கு யாரோ மாட்டிக்கினு இருக்காங்க."

டாக்டர் கெட்டவர் இல்லை. அவர் மிஸ்ஸைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். கதவு திறந்திருந்ததால் கவுன்டருக்குக் கேட்டது.

"இந்த கம்பெனியோட அக்ரிமென்ட் முடியட்டும்மா. வேற ஆளைப் பார்ப்போம். அதுவரைக்கும் ஆபத்து ஒத்துக்கொள்ளப்பட்டதுன்னு போட்டுடுங்க. அதுக்குத்தானே அந்த பட்டன் வெச்சிருக்கான்?"

"யாரு ஒத்துக்கிட்டாங்க சார்?"

"நாமதான்."

"ஆபத்து நமக்கு இல்லயே சார். உள்ள இருக்கிறது அவங்க ரத்தம்."

அன்றைக்கு மதியம் மிஸ் செய்த காரியத்தை இந்த உலகத்தில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். நேரே காத்திருப்பு ஹாலுக்குப் போய், பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராகக் கேட்க ஆரம்பித்தார். "உங்க ரிப்போர்ட்ட வெளியாளு யாராவது பாத்துடலாம், அப்படி ஒரு ஓட்டை இருக்குதுங்க. அத அப்படியே விட்டுவெக்கலாமான்னு கேக்கறாங்க. நீங்க ஒத்துக்கிறீங்களா?"

நான் பில் போடுவதை விட்டுவிட்டுப் பார்த்தேன். முதலில் இருந்தது ஒரு பெரியவர், முழங்கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். "என் சக்கர எங்க ஊரு நாய்க்கெல்லாம் தெரியும். பாத்துட்டுப் போறான் உடும்மா" என்றார். ஹாலே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்காமல், "சரிங்கய்யா, நீங்க ஒத்துக்கிட்டீங்க" என்று அடுத்தவரிடம் போனார். இன்னும் இரண்டு பேர் விஷயம் புரியாமலே தலையாட்டினார்கள். புரியும்வரை விளக்கிவிட்டு மறுபடி கேட்டார்.

சுவரோரம் கிளியனூர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் எழுந்து கவுன்டர் பக்கம் வந்தாள். மிஸ்ஸிடம்தான் பேசினாள், ஆனால் நான் கைநீட்டும் தூரத்தில் இருந்தேன்.

"அப்ப இதுக்கு முன்ன எடுத்த ரிப்போர்ட்டும் தெரியுமா மிஸ்?"

"தெரியலாம்."

"எனக்கு வலிப்பு இருக்குது. மாத்திர அளவு சரியா இருக்குதான்னு பாக்கத்தான் வர்றேன். வீட்டுக்காரருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. மாமனார சுகருக்குக் கூட்டிக்கினு வர்ற அன்னிக்குத்தான் நானும் வருவேன். ஒண்ணா பில்லு போடுவீங்க, அடுத்தடுத்த நம்பரு. அவரு ரிப்போர்ட்ட எங்க கொழுந்தன்தான் கம்ப்யூட்டர்ல எடுக்கறாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்னால ஒத்துக்க முடியாது மிஸ்."

மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஹாலில் யாரையும் கேட்கவில்லை. முடியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள், அவருக்கு அது போதும்.

டாக்டர் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் மைக்ராஸ்கோப் ஆடியிருக்கும். சோதனைக்கு வந்தவர்களைப் பயமுறுத்துகிற இடத்தில் யார் ரத்தம் கொடுப்பார்கள் என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். எனக்கும் ஆத்திரம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக அவர் நின்றபோது கூடவே நின்று கேட்டுவிட்டேன். "இன்னா மிஸ் இது, ஊர்ல எவனும் இல்லாத பேஜாரு? எல்லாத்துக்கும் எல்லாரையும் கேக்கணும்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

அப்போதுதான் தங்கையின் கதையைச் சொன்னார். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைப் பூசையில் எல்லோர் முன்னாலும் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார் சாமியார். மிஸ்ஸின் தங்கைக்குப் பெரியவர்களாகப் பார்த்து ஒரு மாப்பிள்ளையை முடித்துவிட்டார்கள். இரண்டாவது ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் மிஸ் சாமியாரிடம் போனார். "சாமி, எல்லாரும் சம்மதம்னு சொல்லிட்டாங்க. எந்தங்கச்சிய மட்டும் யாரும் கேக்கல." சாமியார் இரு வீட்டாரையும் கூப்பிட்டனுப்பினார். பெண்ணுக்கு இஷ்டமில்லையாமே என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தை முறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அப்புறந்தான் தங்கச்சி வாயத் தெறந்தா. அவளுக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்துச்சாம். 'அவங்கதான் கேக்கல, நீயாவது கேட்டியாடி'ன்னா." பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். "நானும் கேக்கல அண்ணே."

தங்கைக்குப் பிறகு பாண்டியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, நன்றாகத்தான் இருக்கிறாள். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுவாள். மிஸ் பஸ் ஏறிப் போனபின் எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பதிலுக்கு ஒரு படபடப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்கடுத்த வாரம் மிஸ் இரண்டு நாள் லீவில் போனார். டாக்டர் தானே உட்கார்ந்து, தன் பெயரிலேயே, ஆபத்து ஒத்துக்கொள்ளப்பட்டது என்று போட்டுவிட்டார். திங்கட்கிழமை வந்தது, மெயில் வரவில்லை. மிஸ் காலையிலிருந்து மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். வராத மெயிலுக்கு இவ்வளவு தவிப்பவரை நான் பார்த்ததில்லை. பிறகு உள்ளே போய்ப் பார்த்தார், தெரிந்துகொண்டார். ஆன்லைன் ரிப்போர்ட்டை மொத்தமாக நிறுத்திவிட்டு, 'ரிப்போர்ட்டுகள் நேரில் மட்டும்' என்று தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அப்புறம் டாக்டர் அறைக்குப் போய், "நிறுத்திட்டேன் சார்" என்றார்.

உடனே திறந்திருப்பார் டாக்டர். ஆனால் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தியபோது அவர்களே, மூடியிருக்கட்டும், நேரில் ஆளனுப்புகிறோம் என்றுவிட்டார்கள். அதுவரை ஒரு போனுக்கும் அசையாதவர்கள், வெப்சைட் மூடிக் கிடக்கிறது என்றதும் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவன் அரை நாளில் கண்டுபிடித்தான். ஓட்டையை ஓடிக்கொண்டிருக்கிற வெப்சைட்டில் அடைத்திருக்கிறார்கள், தங்களிடம் இருந்த மூலப் பிரதியில் அடைக்கவில்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அந்தப் பழைய பிரதியைக் கொண்டுவந்து மேலே போட, அடைத்தது அழிந்து ஓட்டை மறுபடி வந்திருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். வேலை முடிய ஒரு வாரம் கேட்டான்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு. வல்லத்திலிருந்து வந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார், "மல்லாட்ட புடுங்கற நேரத்துல ஒரு சீட்டுக்காக ரெண்டு பஸ்ஸு மாறி வர்றன். ஜல்தியா குடுங்க!" மிஸ் கவுன்டருக்கு வந்து என் பக்கத்தில் நின்று சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். திட்டுகளில் பாதியை வாங்கிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில்தான் கிளியனூர் கொழுந்தன் வந்தான். அப்பாவின் சுகர் ரிப்போர்ட்டை இன்னும் எடுக்கவில்லை, இப்போது வேண்டும் என்றான். கவுன்டரில் எனக்கு உதவிக்கு இருந்த பெண் தேடி எடுத்து, "ஒரே வீடுதானே, உங்க அண்ணியுதும் இருக்குது" என்று இரண்டையும் சேர்த்து நீட்டினாள். மிஸ் குறுக்கே கையை விட்டு வாங்கி, பின்னைக் கழற்றி, ஒன்றை மட்டும் கொடுத்தார்.

"இது அவங்க வந்து வாங்கிக்கட்டும் தம்பி."

"எங்க அண்ணிதாங்க."

"தெரியுது. அவங்கள கேக்காம குடுக்க முடியாது."

"அப்படி இன்னாங்க இருக்குது அதுல?"

அவன் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான், பிறகு போய்விட்டான். மிஸ் அந்தச் சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். "வீட்டுக்குப் போய் கேப்பான் அண்ணே. குடுத்திருந்தா படிச்சிருப்பான், குடுக்காததால கேக்கறான். அந்தப் பொண்ணு வாழ்க்கையிலயும் மண்ணப் போட்டேன்" என்றார். இல்லை மிஸ் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, ஆனால் எனக்கே நம்பிக்கை இல்லை.

வெப்சைட் திரும்பத் திறந்தது. அடுத்த அப்டேட்டும் வந்து போனது, எச்சரிக்கை வரவில்லை. மிஸ் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இலக்கத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துவிட்டு 'சரிசெய்தாயிற்று' என்று குறித்தார். அந்த வாரமே வேலையை விட்டார். டாக்டர் தடுக்கவில்லை. வழியனுப்ப நாங்கள் டீ வாங்கியபோது கண் கலங்கிப்போனது எனக்குத்தான். திங்கட்கிழமை மெயில் என் தலையில் வந்து விழுந்தது.

சில மாதம் கழித்துக் கிளியனூர்ப் பெண் வந்தாள். தூரத்தில் பார்த்ததுமே நான் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். கூட மாமியார் வேறு. அந்த அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்து, "மாத்திரைய துன்னியா, மறந்துட்டு வந்துட்டியா?" என்று அங்கிருந்தே அதட்டினார். இவள் கவுன்டருக்கு வந்தாள்.

"மிஸ் இல்லீங்களா சார்?"

"வேலைய விட்டுட்டாங்கம்மா. அன்னிக்கு உங்க கொழுந்தன் வந்தாரு..."

"வந்து கேட்டாரு. இன்னா ரிப்போர்ட்டு அண்ணி, தரமாட்டேன்றாங்கன்னு, எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு." பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒரு மாசம் அத்த எங்கிட்ட பேசல. எங்க அம்மாவ கூப்புட்டு வெச்சி சண்ட. எல்லாம் நடந்துச்சு. ஆனா சீட்டு அவரு கையில இல்ல சார். அதனால நானே என் வாயால சொன்னேன். அவங்க படிச்சித் தெரிஞ்சிக்கினு இருந்தா நான் தலைய தூக்கியிருக்க முடியாது." பில்லுக்காகக் கையை நீட்டினாள். "மிஸ்கிட்ட சொல்லிடுங்க."

மதியம் கூட்டம் குறைந்ததும் வாசலுக்குப் போய் மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார், பின்னால் பிள்ளைகள் சத்தம். கிளியனூர்ப் பெண் வந்தாள், வீட்டில் தெரிந்துவிட்டது என்று நான் ஆரம்பித்த உடனே குறுக்கே பேசினார்.

"அண்ணே, இத எங்கிட்ட சொல்லலாமான்னு அவங்கள கேட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவங்கதான் சொல்லச் சொன்னாங்க மிஸ்."

பிள்ளைகளை விட்டு வெளியே நடந்து வந்தார் போல, சத்தம் குறைந்தது.

"அப்ப நீங்களா எதையும் சேக்காதீங்க. அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். அத்தை பேசாத மாதத்தையும் அம்மாவை வரவழைத்த சண்டையையும் விடாமல் சொன்னேன். நானே என் வாயால சொன்னேன் என்று அவள் சொன்னதைச் சொன்னபோது மிஸ் அழ ஆரம்பித்தார். வழியில் போகிற ஆட்டோக்களுக்குக் காதைப் பொத்திக்கொண்டு, அவர் அழுது முடிக்கிறவரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.